முறுக்கி டேப் சுற்றினால் போதுமா? கார், வேன் வயர் ஜாயின்ட் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சபரிமலை சீசனுக்கு முன்னால் என் ஜீப்பில் இரண்டு ஃபாக் லேம்ப் போட்டேன். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுத்தார்கள். சில மாதம் நன்றாக எரிந்தது. இப்போது மேடு பள்ளத்தில் இரண்டு விளக்கும் கண் சிமிட்டுகின்றன, வெளிச்சமும் மங்கல். டேப்பைத் தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. விளக்கை மாற்ற வேண்டுமா?
*வாசகர், திருமங்கலம்*

பதில்: விளக்கை விட்டுவிடுங்கள், ஜாயின்ட்டை மாற்றுங்கள். இரண்டு விளக்கும் ஒன்றாகச் சிமிட்டுவதால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான வயரில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து ரிலே (விளக்குக்கான மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வரை வரும் வயர், ரிலேயிலிருந்து விளக்குகளுக்குப் பிரியும் இடம், பொது எர்த் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), இந்த மூன்றில் ஒன்றைத் தேடுங்கள்.

முறுக்கிய வயரில் செம்பு இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. வண்டி அதிர அதிர முறுக்கு நெகிழ்கிறது. நெகிழ்ந்த இடத்தில் காற்றும் ஈரமும் புகுந்து செம்பின் மேல் கறுப்புப் படலம் கட்டுகிறது. படலம் மின்சாரத்தைத் தடுக்கிறது; தடுத்த இடம் சூடாகிறது; சூட்டில் படலம் இன்னும் வேகமாக வளர்கிறது. சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் இருக்கும் வெக்கையும் இதோடு சேரும்போது பிவிசி டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். கையில் ஒட்டுவது அந்தப் பசைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் சுமார் 9 ஆம்பியர். பொது வயரில் உள்ள ஜாயின்ட்டில் 0.1 ஓம் தடை வந்துவிட்டால் அந்த இடத்திலேயே 0.9 வோல்ட் விழுந்துவிடும். கூடவே 8 வாட் சூடு, பட்டாணி அளவு இடத்தில். ஹாலஜன் பல்புக்கு 12 வோல்ட் 11 ஆகக் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது பனியில் அந்தக் கால் பங்கு பெரிய வித்தியாசம்.

டேப்பை உரித்ததும் செம்பின் நிறத்தைப் பாருங்கள். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், பளபளவென்று புதுச் செம்பு தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில வயர்களில் கறுப்பு இன்சுலேஷனுக்குள் இரண்டு மூன்று அங்குலம் ஓடியிருக்கும். கறுத்த செம்பில் எந்த முறையில் ஜாயின்ட் போட்டாலும் நிற்காது. ஈயம் ஒட்டாது, லக்கும் (வயர் முனையில் மாட்டி நசுக்கும் உலோகக் கவ்வி) படலத்தைத்தான் கவ்விப் பிடிக்கும். வெட்டியதில் நீளம் குறைந்தால் அதே கனத்தில் புது வயரை இணைத்துக்கொள்ளுங்கள். எப்படி இணைப்பது என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஈயம் வைத்த ஜாயின்ட்தான் உறுதி என்கிறார் ஒருவர். லக் வைத்துப் பஞ்ச் செய்வதுதான் உறுதி என்கிறார் இன்னொருவர். ஓடும் வண்டிக்கு எது சரி? காரணத்தோடு சொல்லவும்.
*ஐடிஐ மாணவர், கே.புதூர்*

பதில்: சரியான கருவியோடு செய்தால் பஞ்ச், அதாவது லக்கை நசுக்கி வயரைப் பிடிக்க வைப்பது. எங்கள் முதல் தேர்வு அதுதான். கார் தொழிற்சாலைகளில் வயரிங் கிட் செய்யும்போது முனைகளுக்கெல்லாம் லக்கைப் பஞ்ச்தான் செய்கிறார்கள். நடுவில் வரும் ஜாயின்ட்டுகளைப் பஞ்ச் செய்வார்கள், அல்லது அல்ட்ராசோனிக் வெல்டிங்கில் (நுண் அதிர்வால் உலோகத்தை ஒட்டும் முறை) சேர்ப்பார்கள்.

நல்ல பஞ்ச் ஒன்றைக் குறுக்கே அறுத்து, தேய்த்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். வட்டமாக இருந்த இழைகள் எல்லாம் நசுங்கி, கோணம் கோணமாக ஒன்றோடொன்று அடைந்து, நடுவில் துளி இடைவெளிகூட இல்லாமல் இருக்கும். காற்றுப் போக வழி இல்லாததால் உள்ளே படலம் கட்டாது. பஞ்சின் பலம் இதில்தான் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் இழைகள் வட்டமாகவே இருக்கும், நடுவே இடைவெளி தெரியும், நாளடைவில் உள்ளே கறுக்கும். அழுத்தம் அதிகமானால் இழைகள் மெலிந்து அறுந்துபோகும். இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அதனால்தான் கட்டிங் பிளேயரால் லக்கை நசுக்க வேண்டாம் என்கிறோம். கை அழுத்தம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது. தட்டையாக நசுக்கினால் ஓரத்து இழைகள் தளர்வாகவே கிடக்கும். ராட்செட் உள்ள பஞ்சிங் டூல் வாங்குங்கள். முழு அழுத்தம் கொடுத்து முடிக்கும்வரை அதன் வாய் திறக்காது. லக்கின் வகைக்குத் தகுந்தபடி அதன் அச்சும் மாற வேண்டும். பிளாஸ்டிக் மூடிய லக்குக்கு ஒரு அச்சு, மூடாத இறக்கை லக்குக்கு வேறு அச்சு. ஒன்றை இன்னொன்றுக்குப் போட்டால் டூல் வாங்கியும் பயனில்லை.

இரு பக்கமும் வயர் நுழைகிற குழாய் லக்கில் ஜாயின்ட் போடும் முறை இது. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பிசின் தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடேற்றினால் சுருங்கும் உறை) வயரில் இப்போதே நுழைத்துத் தள்ளி வையுங்கள். பஞ்ச் செய்த பிறகு நுழைக்க முடியாது. குழாயின் பாதி நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இன்சுலேஷனை உரியுங்கள். பல்லாலோ பிளேடாலோ உரிக்க வேண்டாம். ஓர் இழையில் கீறல் விழுந்தாலும் அதிர்வில் அது அந்த இடத்தில்தான் அறும். உரித்த இழைகளை இறுக்கி முறுக்கக் கூடாது, கலையாமல் இருக்க லேசாகத் திருகினால் போதும். நடுவில் உள்ள தடுப்பில் முட்டும்வரை வயரை நுழைத்து, ஒவ்வொரு பக்கமும் அந்தந்த அளவுக் குழியில் வைத்து அழுத்துங்கள். பிறகு இரு பக்கமும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் இப்போதே வரட்டும்.

பயிற்சிக்கு ஒரு சோதனை. 1.5 சதுர மி.மீ. வயரில் மாதிரிக்கு ஒன்று பஞ்ச் செய்து, 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிடுங்கள். நல்ல பஞ்ச் அசையாமல் தாங்கும். தாங்காவிட்டால் டூலோ லக் அளவோ தவறு. வண்டியில் கை வைக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

இறக்கை லக் என்றால் பார்க்க வேண்டியது வேறு. அதில் இரண்டு ஜோடி இறக்கை உண்டு. முன் ஜோடி செம்பைப் பிடிக்கும், பின் ஜோடி இன்சுலேஷனைப் பிடிக்கும். செம்பு முன் ஜோடியைத் தாண்டி அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை எட்டிப்பார்க்க வேண்டும். இரண்டு ஜோடிக்கும் நடுவில் கொஞ்சம் செம்பும் கொஞ்சம் இன்சுலேஷனும் சேர்ந்து தெரிய வேண்டும். பின் ஜோடி இன்சுலேஷனைக் கவ்வாவிட்டால், அதிர்வு முழுவதும் செம்பு லக்கை விட்டு வெளியேறும் இடத்தில் விழும். கப்ளரிலிருந்து (வயர்களைச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பான்) வயர் "தானாக" அறுந்து வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

இனி ஈயம். நன்றாக வைத்த ஈயம் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். அதில் குறை இல்லை. குறை ஜாயின்ட் முடியும் இடத்தில் இருக்கிறது. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி இன்சுலேஷனுக்குள்ளும் கொஞ்ச தூரம் ஓடும். ஓடிய வரைக்கும் வயர் விறைத்துக் கம்பியாகிவிடும், அதற்கு அப்புறம் வழக்கம்போல் வளையும். இந்த இரண்டும் சந்திக்கும் கோட்டில்தான் வண்டியின் ஒவ்வொரு அதிர்வும் வயரை மடிக்கிறது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து அங்கே அறும். ஈயம் வைத்த இடம் மட்டும் அப்படியே பளபளப்பாக இருக்கும்.

ஆகவே ஈயம் வைப்பதாக இருந்தால் வயர் ஆடாத இடத்தில் வையுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால், பாடியோடு கட்டப்பட்ட கட்டுக்குள் என்றால் சரி. கதவு, டிக்கி மூடி, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே தொங்கும் வயர், இங்கெல்லாம் கூடாது. 60 வாட் சால்டரிங் அயன் வேண்டும். ரேடியோ வேலைக்கான 25 வாட் அயன் 2.5 சதுர மி.மீ. செம்பைச் சூடேற்றுவதற்குள் இன்சுலேஷன் உருகிவிடும். ரோசின் உள்ள 60/40 ஈயம் மட்டும். தகர வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) உள்ளே தங்கி செம்பைத் தின்றுவிடும். இரு முனைகளையும் எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன் மேல் நான்கைந்து சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். பழைய தந்திக் கம்பிக்காரர்களின் முடிச்சு இது. இழுத்தால் இன்னும் இறுகும், ஈயத்தின் மேல் பளு விழாது. அயனை வயரில் வைத்து, ஈயத்தை எதிர்ப்பக்கம் காட்டுங்கள். வயரின் சூட்டிலேயே ஈயம் உருகி உள்ளே இழுபட வேண்டும். ஆறும்வரை அசைக்காதீர்கள். இழைகளின் வரி வடிவம் ஈயத்துக்கு அடியில் தெரிந்தால் நல்ல ஜாயின்ட். உருண்டையாகத் திரண்டு மங்கலாக இருந்தால் மறுபடி செய்யுங்கள். ஸ்லீவ் சுருக்கியபின் இரு பக்கமும் 5 செ.மீ.க்குள் வயரை ஏதாவது ஒன்றோடு கட்டிவிடுங்கள்.

பஞ்ச் செய்துவிட்டு மேலே ஈயமும் வைத்தால் இரட்டிப்பு உறுதி என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல பஞ்சில் ஈயம் புக இடமே இல்லை. வயருக்குள் ஓடி அதை விறைக்க வைப்பது மட்டுமே மிச்சம். அதைவிடத் தவறு, முனைக்கு ஈயம் பூசிவிட்டு அதை லக்கிலோ திருகு கனெக்டரிலோ வைத்து இறுக்குவது. ஈயம் மிருதுவான உலோகம். தொடர் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகிக்கொண்டே இருக்கும். இன்று இறுக்கியது நான்கு மாதத்தில் தளரும்.

கேள்வி: சிவப்பு, நீலம், மஞ்சள் லக் எதெதற்கு? மல்லிகைப் பூ ஏற்றும் மினி வேனில் பின்பக்கம் வரை எல்இடி விளக்கும் ஆம்ப்ளிஃபயரும் போட வேண்டும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயர் ஒரு சுருள் இருக்கிறது. அதைப் போடலாமா?
*வாசகர், உசிலம்பட்டி*

பதில்: சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. மெல்லிய வயரை இரண்டாக மடித்துப் பெரிய லக்கில் திணிப்பதும், நுழையாத வயரில் சில இழைகளை வெட்டிவிட்டு நுழைப்பதும் அடிக்கடி பார்க்கிற வேலை. இரண்டாவது ரொம்ப ஆபத்து. ஏழு இழையில் இரண்டை வெட்டினால் மீதி ஐந்தும் முழுப் பளுவையும் சுமக்க வேண்டும்.

வீட்டு வயரை வண்டிக்குப் போட வேண்டாம். அதன் பிவிசி பொதுவாக 70 டிகிரிக்கானது. ஆட்டோ வயரில் 105 டிகிரி வரை தாங்குவது கிடைக்கிறது. பழைய வகை வீட்டு வயரில் மூன்று அல்லது ஏழு தடித்த இழைகள்தான் இருக்கும். சுவருக்குள் அசையாமல் கிடக்க அது போதும், அதிரும் வண்டியில் சீக்கிரம் அறும். ஆட்டோ வயரில் அதே கனத்துக்கு இழைகள் மெலிதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும்.

கனத்தை ஆம்பியர் மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், தூரத்தையும் சேருங்கள். பேட்டரியிலிருந்து பின்பக்கம் 6 மீட்டர், 10 ஆம்பியர் என்று வையுங்கள். 1.5 சதுர மி.மீ. செம்பில் போகும் வழியிலேயே 0.7 வோல்ட் விழும், 2.5 போட்டால் 0.4 வோல்ட். எர்த்துக்கும் தனி வயர் இழுத்தால் இது இரட்டிப்பாகும். ஆகவே 2.5 போடுங்கள். ஆம்ப்ளிஃபயர் பெரிதென்றால் அதற்கு 4 சதுர மி.மீ. தனியாக.

ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். பின்பக்கம் ஆம்ப்ளிஃபயர் அருகே மட்டும் ஃப்யூஸ் வைத்தால், நடுவில் தகட்டில் உரசி ஷார்ட் ஆகும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. பேட்டரி மொத்த சக்தியையும் அதில் கொட்டும். ஃப்யூஸ் வயரைக் காப்பாற்றுவதற்கு. அதனால் வயரின் கனத்துக்குத் தக்கபடி தேர்ந்தெடுங்கள்: 1.5-க்கு 15 ஆம்பியர் (நீலம்), 2.5-க்கு 20 (மஞ்சள்), 4-க்கு 30 (பச்சை). இவை மேல் வரம்பு. பளு குறைவென்றால் ஃப்யூஸும் குறையட்டும். போன ஃப்யூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ வயர் இழையையோ சுற்றிப் போடுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். வண்டி தீப்பிடிக்க அது ஒன்றே போதும்.

தகட்டு ஓட்டை வழியாக வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் புஷ் போடுங்கள். பூவில் தெளிக்கும் தண்ணீர் வேனின் தரையில் எப்போதும் நிற்கும் என்பதால் ஜாயின்ட் எதுவும் தரையோரம் வர வேண்டாம். மேல் விளிம்பில் ஓட்டுங்கள்.

கேள்வி: ரிவர்ஸ் கேமராவுக்கு வயர் எடுக்க நீல நிற கிளிப் கொடுத்தார்கள். வயரை வெட்டாமல், உரிக்காமல் அமுக்கினாலே போதுமாம். நம்பலாமா?
*வாசகி, அண்ணாநகர், மதுரை*

பதில்: நிரந்தர வேலைக்கு வேண்டாம். அதற்குள் ஒரு தகடு இருக்கிறது. அதில் உள்ள பிளவு இன்சுலேஷனைக் கிழித்துக்கொண்டு செம்பைத் தொடும். வயர் கனம் சற்றுக் கூடினால் இழைகளை வெட்டிவிடும், குறைந்தால் பட்டும் படாமலும் இருக்கும். கிழித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் போகும். ஒரு மழைக்காலம் கழித்து, கேமராவோடு சேர்ந்து காரின் சொந்த ரிவர்ஸ் விளக்கும் கெடும். வண்டியின் மூல வயரையே புண்ணாக்குவதுதான் இதில் வருத்தமான விஷயம்.

ரிவர்ஸ் விளக்கின் வயரை ஒரே இடத்தில் வெட்டி, ஒரு முனையைத் தனியாகவும், மறு முனையையும் கேமரா வயரையும் சேர்த்து இன்னொரு பக்கமாகவும் குழாய் லக்கில் நுழைத்துப் பஞ்ச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வயர் நுழையும் பக்கத்தின் கனத்தைக் கூட்டித்தான் லக் அளவு பார்க்க வேண்டும். கேபினுக்குள் வரும் டேஷ் கேமரா போன்றவற்றுக்கு வயரை வெட்டவே வேண்டாம். ஃப்யூஸ் பெட்டியில் ஒரு ஃப்யூஸின் இடத்தில் செருகி, அதற்கும் புது லைனுக்கும் தனித்தனி ஃப்யூஸ் தரும் ஃப்யூஸ் டாப் கிடைக்கிறது. அதுவே சுத்தமான வழி.

கேள்வி: அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் கார் நின்றது. எலி இன்ஜின் பக்கம் ஏழெட்டு வயரைக் கடித்துவிட்டது. சில வயரில் செம்பு அறுந்திருக்கிறது, சிலவற்றில் மேல்தோல் மட்டும். ஊரிலேயே சரி செய்யலாமா?
*வாசகர், சோழவந்தான்*

பதில்: பெரும்பாலானவற்றைச் செய்யலாம். சிலவற்றைத் தொடக் கூடாது.

எதையும் வெட்டும் முன் செல்போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். எலி கடித்த இடத்தில் நிறம் தெரியாமல் போயிருக்கும். கோடு போட்ட வயரையும் கோடு போடாததையும் மாற்றி இணைத்துவிட்டால் புதுக் கோளாறு முளைக்கும். ஒரு வயரை முடித்துவிட்டு அடுத்த வயருக்குப் போங்கள்.

எல்லா ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது. வந்தால் கட்டு அந்த இடத்தில் புடைத்து விறைக்கும், ஸ்லீவ் ஒன்று கிழிந்தாலும் பக்கத்து ஜாயின்ட்டோடு ஷார்ட் ஆகும். ஒவ்வொன்றையும் 3, 4 செ.மீ. தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரு வயரை மேலே வெட்டினால் அடுத்ததைக் கீழே வெட்டி, நடுவில் அதே கனத்தில் துண்டு வயர் போடுவது வழி. மேல்தோல் மட்டும் போய், செம்பு முழுசாகவும் பளபளப்பாகவும் இருந்தால் வெட்டாதீர்கள். தானே தன்னோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து நீட்டி, பாதி அகலம் மேல்படியும்படி புண்ணுக்கு இரு பக்கமும் ஒரு அங்குலம் தாண்டிச் சுற்றுங்கள். அது பசையில் ஒட்டுவதில்லை, ரப்பரோடு ரப்பர் ஒன்றாகிவிடும். கடைசியில் கட்டு முழுவதையும் துணி டேப்பால் சுற்றுங்கள்.

தொடக் கூடாதவற்றில் முதலாவது, மஞ்சள் உறை அல்லது மஞ்சள் கப்ளர் உள்ள ஏர்பேக் வயர். அதில் ஜாயின்ட்டே கூடாது, நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் வயரிங்கையே மாற்ற வேண்டும். சைலன்சர் பக்கம் போகும் ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) வயரில் ஈயம் வைக்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை அந்த வயரின் இழைகளுக்கு நடுவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஈயம் வழியை அடைத்தால் அளவு தவறாகும், மைலேஜ் விழும். அங்கே பஞ்ச் மட்டும். ஜோடியாக முறுக்கிக்கொண்டு போகும் இரண்டு மெல்லிய வயர் இருந்தால், அவை கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் லைனாக இருக்கலாம். அதில் முறுக்குப் பிரியும் நீளம் 5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, இரண்டின் நீளமும் சமமாக இருக்க வேண்டும், இடம் மாறவே கூடாது. ஏபிஎஸ் வயர் கடிபட்டிருந்தால் சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் பகுதியில் ஒட்டுப் போடாமல் சென்சாரை வயரோடு மாற்றுங்கள்.

கேள்வி: பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. பின்விளக்கு வயரில் இரண்டு தடவை புது ஜாயின்ட் போட்டும் போகவில்லை.
*வாசகர், மேலூர்*

பதில்: இது எர்த். பின்விளக்கில் பிரேக், இண்டிகேட்டர், பார்க்கிங் எல்லாவற்றுக்கும் ஒரே எர்த் வயர். அது பாடியோடு சரியாகப் பிடிக்காவிட்டால், பிரேக் விளக்கின் மின்சாரம் திரும்ப வழி இல்லாமல் இண்டிகேட்டர் பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. பாசிட்டிவ் பக்கம் எத்தனை ஜாயின்ட் போட்டாலும் தீராது.

உறுதி செய்ய மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பின்விளக்கின் எர்த்திலும், நீள வயரோடு இன்னொரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது.

பாடியில் அந்தத் திருகைக் கழற்றி, லக் உட்காரும் வட்டத்தில் பெயின்ட்டையும் துருவையும் வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டுங்கள். புது வளைய லக் பஞ்ச் செய்து, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். பெயின்ட் மேலேயே லக்கை வைத்து, திருகின் மரை வழியாக மின்சாரம் போகும் என்று நம்பி விட்டுவிடுவதுதான் இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: வீட்டு கனெக்டரை, அதாவது திருகு வைத்த வெள்ளைப் பட்டையை, காரில் போடலாமா?
*வாசகர், வாடிப்பட்டி*

பதில்: கூடாது. அதிர்வில் திருகு தளரும், தண்ணீரும் போகும்.

கேள்வி: ஹீட் கன் இல்லை. ஸ்லீவை லைட்டரில் சுருக்கினால் கெடுமா? ஈயம் உள்ளேயே இருக்கும், கண்ணாடி போல் உள்ளே தெரியும் ஸ்லீவ் விற்கிறார்களே, அது எப்படி?
*வாசகர், அலங்காநல்லூர்*

பதில்: லைட்டரில் சுருங்கும், ஆனால் ஒரு பக்கம் கருகி மறு பக்கம் சுருங்காமல் நிற்கும். வேறு வழி இல்லையென்றால் தீயின் நுனி படாமல், கீழே அரை அங்குலம் இடைவெளி விட்டு, வயரைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். பெட்ரோல் ட்யூப், கேஸ் கிட், பேட்டரி அருகே தீயைக் கொண்டுபோகவே வேண்டாம்.

ஸ்லீவ் வாங்கும்போது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவதும் உள்ளே பிசின் தடவியதுமாகக் கேளுங்கள். 6 மி.மீ. ஸ்லீவ் 2 மி.மீ. வரை சுருங்கி வயரைப் பிடிக்கும். ஜாயின்ட்டுக்கு இரு பக்கமும் ஒன்றரை செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். நடுவிலிருந்து சூடேற்றி ஓரத்துக்கு வாருங்கள், அப்போதுதான் காற்று வெளியேறும். இரு ஓரத்திலும் பிசின் மெல்லிய வளையமாகப் பிதுங்கினால் அடைத்துவிட்டது என்று பொருள். பிசின் இல்லாத ஸ்லீவ் ஷார்ட்டைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீர் அதற்குள் போய் வெளியே வர வழி இல்லாமல் தங்கிவிடும், அது வெறும் டேப்பைவிட மோசம்.

ஈயம் வைத்த கண்ணாடி ஸ்லீவில் குறைந்த சூட்டில் உருகும் ஈயக் கலவை இருக்கிறது. அதிலும் ஸ்லீவ் முதலில் சுருங்கிவிடும். ஈயம் முழுதாக உருகி இழைகளுக்குள் ஊறியதா என்று பொறுமையாகப் பார்ப்பவர் குறைவு. ஈய வளையம் வளையமாகவே நின்றால் அது ஜாயின்ட் அல்ல. டேஷ்போர்டுக்குள் ஒன்றிரண்டு ஆம்பியர் விளக்குக்கு, வயர்களை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துத் திருகியபின் போட்டால் பரவாயில்லை. ஹெட்லைட், ஹாரன், ஃப்யூவல் பம்ப்புக்கு வேண்டாம்.

கேள்வி: ஜாயின்ட் போட்டபின் மல்டிமீட்டரில் வைத்தால் 'பீப்' என்று சத்தம் வருகிறது. ஆனாலும் ஹெட்லைட் மங்கல். மீட்டர் பொய் சொல்லுமா?
*வாசகர், பழங்காநத்தம்*

பதில்: மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது, கேள்விதான் தவறு. பீப் சோதனையில் மீட்டர் மிகச் சிறிய மின்சாரத்தைத்தான் அனுப்புகிறது. இருபது இழையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் பீப் வரும். அந்த ஒரே இழையால் 5 ஆம்பியர் போகும்போதுதான் திணறல் தெரியும். ஓம் அளவும் உதவாது. 0.1 ஓமைச் சாதாரண மீட்டரின் வயர்களே மறைத்துவிடும்.

ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை டிசி 2 வோல்ட் வரிசையில் வையுங்கள். சிவப்பு முனையை ஜாயின்ட்டின் ஒரு பக்கம், கறுப்பு முனையை மறு பக்கம். இன்சுலேஷனைக் குத்தாமல் அருகிலுள்ள கப்ளரின் பின்புறம் வழியாக லக்கைத் தொடுங்கள். நல்ல ஜாயின்ட்டில் 0.02 வோல்ட் போல் காட்டும். 0.1-ஐத் தாண்டினால் வெட்டி மறுபடி போடுங்கள். அடுத்து பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்பின் பாசிட்டிவ் வரையும், பல்பின் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரையும் இதேபோல் அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எந்தப் பாதியில் அதிகம் விழுகிறதோ அதை மறுபடி பாதியாகப் பிரித்து அளந்தால் கெட்ட இடம் கையில் சிக்கும். பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் நீங்கள் போட்ட ஜாயின்ட்டாக இருக்காது. ஹெட்லைட் சுவிட்சின் தேய்ந்த முனையாகவோ, பழுப்பேறிய பல்பு ஹோல்டராகவோ இருக்கும். ஹோல்டரின் பிளாஸ்டிக் வெந்திருந்தால் ஹோல்டரையும் வயரில் ஓர் அங்குலத்தையும் சேர்த்து மாற்றிவிட்டு, ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரை நேராகக் கொண்டுவாருங்கள்.